ஹாரன் மாற்றும் முன் கொஞ்சம் கேளுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வாகன மின்சாதன வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர்.)



இந்த மூன்று மாதத்தில் நம் புகார்ப் புத்தகத்தில் தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாக அதிகம் எழுதப்பட்டிருப்பது ஹாரன் பற்றித்தான். ராத்திரி பதினொன்றரை மணிக்கு கேட்டில் ஹாரன், பேஸ்மென்ட் சரிவில் ஹாரன், விடியற்காலையில் ஸ்கூல் வேன் ஹாரன். இதில் பாதிப் புகார் பைக்குகளில் புதிதாக மாட்டியிருக்கும் பெரிய ஹாரன்களைப் பற்றியது. செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்க இந்த லைன்லயே இருந்தவரு, ஒரு இருபது நிமிஷம் பேசிடுங்க" என்றார். புகார் எழுதியவர்களிடமும் பேசினேன், ஹாரன் மாட்டியவர்களிடமும் பேசினேன். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இது சிக்கலான விஷயம்.

முதலில் ஹாரன் மாட்டியவர்கள் பக்கம். நம் பி பிளாக்கில் ஒரு தங்கை தினமும் ஸ்கூட்டரில் ஓஎம்ஆர் போய் வருகிறார். அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். ஒரு கார் இண்டிகேட்டர் போடாமல் இடது பக்கம் ஒடித்தது. இவர் ஹாரன் அடித்தார். கார்க்காரருக்குக் கேட்கவில்லை. கீழே விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். வண்டியை எடுத்ததும் முதல் வேலையாகக் கார் ஹாரன் ஜோடி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். அவரிடம் போய் "சத்தம் போடாதீங்கம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே பிளாக்கில், பார்க்கிங்குக்கு நேர் மேலே முதல் மாடியில், பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு பெரியவர் இருக்கிறார். ராத்திரி தூக்க மாத்திரை போட்டுத் தூங்குகிறவர், அந்த ஹாரன் கேட்டால் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். அதற்குப் பிறகு விடியும்வரை தூக்கம் இல்லை. இவருடைய நியாயத்தையும் நாம் தள்ள முடியாது.

இந்த இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இன்றைய பேச்சு.

பைக்கோடு வரும் ஹாரன் ஏன் போதவில்லை என்று தோன்றுகிறது? ஒரு காரணம், எதிரில் இருக்கும் கார். இன்றைக்கு எல்லாக் காரிலும் கண்ணாடி ஏற்றி ஏசி ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது. மூடிய கார் வெளிச் சத்தத்தை நன்றாகவே குறைத்துவிடும். பஸ், லாரி டிரைவருக்கு அவருடைய இன்ஜின் சத்தமே காதை நிறைத்துவிடும். இன்னொரு காரணத்தை யாரும் பார்ப்பதில்லை. பழைய வண்டிகளில் பாதிக்கு மேல், கம்பெனி கொடுத்த ஹாரனே கம்பெனி கொடுத்தபடி ஒலிப்பதில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

சத்தத்தின் கணக்கை ஒரு நிமிஷம் பார்ப்போம். டெசிபல் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது. நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும்.

வண்டியில் பொருத்திய ஹாரனுக்குச் சட்டப்படியான உச்சவரம்பு 112 டெசிபல். வண்டிக்கு முன்னால் சுமார் ஏழு மீட்டர் தள்ளி அளப்பார்கள். அந்த உச்சத்தில் ஒரு ஹாரன் இருப்பதாக வையுங்கள். 14 மீட்டரில் 106, 28 மீட்டரில் 100. நம் கேட்டிலிருந்து பி பிளாக் பெட்ரூம் ஜன்னல் ஏறக்குறைய அந்த 28 மீட்டர்தான். குடியிருப்புப் பகுதிக்கு அரசின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். அது தொடர் சத்தத்தின் சராசரிக் கணக்கு, ஹாரன் ஒரு நொடி அடிப்பது. அப்படியே ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் 45-க்கும் 100-க்கும் இருக்கும் தூரம் உங்களுக்குப் புரியும். பேஸ்மென்டில் இன்னும் மோசம். நான்கு பக்கமும் சுவர், மேலே கான்கிரீட். சத்தம் போக இடமில்லாமல் திரும்பத் திரும்ப மோதும். நம் வாட்ச்மேன் பன்னிரண்டு மணி நேரம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பெட்டியின் மேல் 118 டெசிபல் என்று போட்டிருப்பதைப் பார்த்து சிலர் ஆசைப்படுவார்கள், சிலர் "112-க்கு மேல போயிடுச்சே" என்று பயப்படுவார்கள். ஹாரனைத் தனியாகச் சோதிப்பது 2 மீட்டர் தூரத்தில். வண்டியில் மாட்டிச் சோதிப்பது ஏழு மீட்டரில். 2 மீட்டரில் 118 என்றால் 7 மீட்டரில் சுமார் 107 ஆகிவிடும். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை மீட்டரில் என்றும் பாருங்கள். தூரமே போடாமல் 150, 180 என்று அச்சடித்த பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி ஹாரனுக்கானது. பல சுரங்கள் மாறி மாறி வரும் ஹாரன், கீச்சென்றோ கரகரப்பாகவோ அலறுகிற மாதிரியோ ஒலிக்கும் ஹாரன் கூடாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் போன்ற வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. ஆகவே, நாய் குரைக்கிற ஹாரன், குழந்தை அழுகிற ஹாரன், சினிமாப் பாட்டு ஹாரன், பஸ்ஸில் வரும் ஏர் ஹாரன் எல்லாம் பைக்கில் மாட்டவே கூடாது. ஒலிக் கட்டுப்பாட்டுத் தரத்தை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவின்படி முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. 2019 திருத்தத்தில் வந்த 194எஃப் பிரிவு, ஹாரன் சரியானதாகவே இருந்தாலும் தேவையில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தால் முதல் முறை 1,000, அடுத்த முறை 2,000 ரூபாய் என்கிறது.

இங்கே பலருக்குத் தெரியாத விதி ஒன்று. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் 2010-ல் சேர்த்தது. குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில், அதாவது ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை, பொது அவசரம் தவிர ஹாரனே அடிக்கக் கூடாது. பெரிய ஹாரன், சின்ன ஹாரன் என்ற பேச்சே இல்லை. ஆகவே ராத்திரி கேட்டில் ஹாரன் அடிப்பது நம் சங்கத்தின் கட்டுப்பாடு மட்டும் இல்லை, நாட்டின் விதி.

இப்போது கம்பெனி ஹாரனுக்கு வருகிறேன். ஹாரன் வேலை செய்யும் விதம் எளிது. உள்ளே ஒரு மின்காந்தம், அதன் முன்னால் ஒரு மெல்லிய தகடு. கரண்ட் வந்ததும் காந்தம் தகட்டை இழுக்கும். இழுத்த உடனே உள்ளே இருக்கும் பாயின்ட் பிரிந்து கரண்ட் நிற்கும், தகடு திரும்பி வரும். இப்படி விநாடிக்குச் சில நூறு முறை. இந்தச் சங்கிலியில் எங்கே கரண்ட் குறைந்தாலும் சத்தம் குறையும். ஹாரன் மாற்ற வேண்டும் என்று வந்த வண்டிகளில் நான் வரிசையாகப் பார்த்தது இதைத்தான்.

முதலில் பேட்டரி. இன்ஜினை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே இருந்தால் எந்த ஹாரனும் இருமத்தான் செய்யும். அடுத்தது ஹாரன் முனைகள். முன் சக்கரத்துக்கு மேலேயே இருப்பதால் சேறும் மழையும் அங்கேதான் அடிக்கும். பச்சை பிடித்திருக்கும். கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, லேசாக வாசலின் தடவி மாட்டுங்கள். மூன்றாவது ஹாரன் பட்டன். மழையில் நனைந்து நனைந்து உள்ளே கருத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும். நான்காவது, ஹாரனைத் தாங்கும் பட்டை. அது வெறும் கிளாம்ப் இல்லை, அதிர்வதற்காக வைத்த ஸ்பிரிங் மாதிரியான பட்டை. ஹாரன் உடம்பு ஃபோர்க்கிலோ கேபிளிலோ இடித்தால் சத்தம் செத்துவிடும். கடைசியாக, ஹாரனின் பின்னால் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பி அடித்துப் பாருங்கள். கூடினால் அந்தப் பக்கம், குறைந்தால் மறுபக்கம்.

இதற்கெல்லாம் அரை மணி நேரம், அம்பது ரூபாய்ச் சாமான். என்னிடம் வந்தவர்களில் நிறையப் பேர் இதற்கு மேல் போக வேண்டியிருக்கவில்லை. நம்ம வீட்டுச் சங்கையே சரியாக ஊதாமல் புதுச் சங்குக்குக் காசு கொடுப்பானேன்?

அதற்குப் பிறகும், "நான் ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்கு நடுவில் போகிறேன், எனக்கு வேண்டும்" என்றால் மாட்டுங்கள். ஆனால் ஒழுங்காக மாட்டுங்கள். ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் நூறு வகை கிடைக்கும். நம் கோயம்புத்தூரே ஹாரன் செய்வதற்குப் பேர் போன ஊர். தரச் சான்று உள்ள, ஒரே சுரத்தில் ஒலிக்கும் நல்ல ஹாரனை பில்லோடு வாங்குங்கள்.

கார்களில் வரும் ஜோடி ஹாரன் 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். பைக் ஹாரன் இழுப்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆம்பியர். உங்கள் ஸ்கூட்டரின் பட்டனும் மெல்லிய வயரும் அந்த அளவுக்குத்தான் போட்டது. பழைய வயரிலேயே புது ஜோடியை முறுக்கி டேப் சுற்றினால் பட்டன் கருகும், வயர் சூடாகும். மெயின் ஃபியூஸ் போனால் பல வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் அணைந்துவிடும். ராத்திரி ஹைவேயில் ஹாரன் அடித்ததும் ஹெட்லைட் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பாதுகாப்புக்காக மாட்டியது அங்கே ஆளைக் கவிழ்த்துவிடும்.

அதனால் ரிலே கட்டாயம். நான்கு கால் ரிலே. பழைய ஹாரனுக்கு வந்த இரண்டு வயர் ரிலேயின் 85, 86. பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30. 87-லிருந்து ஹாரனுக்கு. ஹாரனின் மறுமுனை பேட்டரி நெகட்டிவுக்கு. அந்தத் தனி வயர் 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கம்பெனி வயரை எங்கேயும் வெட்ட வேண்டாம், சாக்கெட் வைத்து மாட்டச் சொல்லுங்கள். வெட்டினால் வாரன்டி மறுக்கப்படலாம். நத்தைக் கூடு மாதிரி இருக்கும் ஹாரனின் வாய் கீழே பார்த்து இருக்கட்டும், மழைத் தண்ணீர் நிற்காது. ஹேண்டிலை முழுதாக இரண்டு பக்கமும் திருப்பி எங்கேயும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் மெக்கானிக்கிடம் காசு கொடுக்க வேண்டும்.

பேட்டரியையும் பாருங்கள். பல ஸ்கூட்டர்களிலும் 100 சிசி வண்டிகளிலும் இருப்பது 3 ஆம்பியர் மணிப் பேட்டரி. சிக்னலில் ஐடிலில் நின்றுகொண்டு பத்து ஆம்பியர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தக் குட்டிப் பேட்டரி தாங்காது. சின்ன வண்டிக்கு ஜோடி வேண்டாம், நல்ல ஒற்றை ஹாரன் போதும்.

தம்பி, தங்கைகள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு விநாடிக்கு 16, 17 மீட்டர் நகர்கிறோம். நீங்கள் ஆபத்தைப் பார்த்து, கட்டை விரல் பட்டனைத் தேடி, சத்தம் போய், அவர் கேட்டு, எங்கிருந்து என்று புரிந்து, ஸ்டியரிங்கைத் திருப்ப எப்படியும் இரண்டு விநாடி ஆகும். அதற்குள் 33 மீட்டர் போய்விடுவீர்கள். அதே வேகத்தில், காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக்கும் டயரும் இருந்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து 20, 25 மீட்டரில் வண்டி நின்றுவிடும். ஹாரன் அடித்தால் முடிவு எடுக்க வேண்டியவர் எதிராளி. பிரேக் உங்கள் விரலில் இருக்கிறது. ஹாரன் பெரிதானால் வரும் ஆபத்து, "அடிச்சா ஒதுங்கிடுவான்" என்று பிரேக்கை ஒரு விநாடி தாமதமாகப் பிடிக்கப் பழகுவது. எவ்வளவு பெரிய ஹாரன் மாட்டினாலும், லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அங்கே நிற்காதீர்கள்.

அந்தத் தங்கையிடமும் இதைப் பேசினேன். அவர் ஜோடியில் ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதை ரிலே போட்டு மாட்டிக்கொண்டார். தேய்ந்திருந்த முன் பிரேக் ஷூவை மாற்றினார். கேட்டுக்கு உள்ளே ஹாரன் இல்லை என்று அவரே சொன்னார்.

ஹாரன் இல்லாமல் ஒரு ஊரே ஓடுமா என்று கேட்பீர்கள். மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் ஓடுகிறது. மலை ரோடு, குறுகல், நெரிசல், ஆனாலும் வரிசையில் நிற்பார்கள், ஹாரன் அடிக்க மாட்டார்கள். மும்பை போலீஸ் ஒரு சமயம் சில சிக்னல்களில் டெசிபல் மீட்டர் வைத்து, ஹாரன் சத்தம் 85-ஐத் தாண்டினால் சிவப்பு விளக்கு மறுபடி முதலிலிருந்து எண்ணும்படி செய்தார்கள். அடித்தால் இன்னும் நில் என்பதுதான் தண்டனை. நம்மிடம் சிக்னல் இல்லை, ஆனால் நம் கேட் நம் கையில் இருக்கிறது.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை கேட்டிலும் உள்ளேயும் ஹாரன் கிடையாது. ஹெட்லைட்டை ஒரு முறை டிம், பிரைட் செய்தால் வாட்ச்மேன் திறப்பார். அதற்கு அவர் நாற்காலி கேட்டைப் பார்த்து இருக்க வேண்டும், இப்போது முதுகு காட்டி இருக்கிறது. அதை இன்றைக்கே மாற்றலாம்.

இரண்டு, பேஸ்மென்ட் சரிவில் ஹாரன் அடிப்பதற்குக் காரணம் வளைவில் எதிரே வருவது தெரியாததுதான். மேலே ஒன்று, கீழே ஒன்று குவி கண்ணாடி வைத்துவிட்டால் காரணமே போய்விடும். காரணம் இருக்கும்வரை போர்டு மாட்டிப் பயனில்லை.

மூன்று, டெலிவரி தம்பிகளுக்கும் ஸ்கூல் வேன் டிரைவர்களுக்கும் நாமே சொல்ல வேண்டும். வேன் வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் பிள்ளையைக் கீழே அனுப்பிவிட்டால் அவர் ஏன் ஹாரன் அடிக்கப் போகிறார்? கார் வைத்திருப்பவர்கள், ரிமோட்டில் பூட்டும்போது வரும் அந்த "பீப் பீப்" சத்தத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல கார்களில் அதை நிறுத்திவைக்க வசதி இருக்கிறது.

நான்கு, அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு பார்க்கிங்கில் மீட்டரோடும் உப்புத்தாளோடும் உட்காருகிறேன். யார் வண்டி ஹாரன் மெதுவாக இருக்கிறதோ, கொண்டு வாருங்கள், பார்த்துக் கொடுக்கிறேன். ஏற்கெனவே பெரிய ஹாரன் மாட்டியவர்களும் வாருங்கள். வயரிங் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். யாரையும் குற்றம் சொல்ல அல்ல. சோதனைச் சத்தம் எல்லாம் காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள், அதுவும் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம்தான். பெரியவர்கள் அந்த ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஹாரன் என்பது "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லும் ஒரு கருவி. ரோட்டில் அதைச் சொல்லத்தான் வேண்டும், தெளிவாகக் கேட்கும்படி சொல்ல வேண்டும். நம் கேட்டுக்குள் வந்துவிட்டால் நாம் இங்கே இருப்பது எல்லோருக்கும் தெரியும்.



(பேச்சுக்குப் பிறகு முதல் மூன்று யோசனைகளும் கையுயர்த்தி ஏற்கப்பட்டன. குவி கண்ணாடிகள் வாங்கும் பொறுப்பு பராமரிப்புக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு வர விரும்புவோர் பிளாக் பிரதிநிதியிடம் வண்டி எண்ணைக் கொடுக்கவும்.)